மராயேயில் கற்க வேண்டிய பாடம்: நியூசிலாந்து செவிலியர் மன்றத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நியூசிலாந்து செவிலியர் மன்ற உறுப்பினர்களுக்கும், செவிலியர் கல்வி நிலையங்களின் தலைவர்களுக்கும், பிற நாடுகளில் பயின்ற செவிலியரைப் பணிக்கு அமர்த்தும் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

நான் திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்து, தமிழ்நாட்டில் செவிலியம் படித்து, அங்கேயே ஆறு ஆண்டுகள் வார்டுகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ஒரு மருத்துவமனையில் பதிவுபெற்ற செவிலியராகப் பணியாற்றுகிறேன். இம்மடலின் ஆங்கில வடிவம் தங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழில் எழுதி வெளியிடுவதற்குக் காரணம், இதே பாதையில் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் விமானம் ஏறவிருக்கும் எம் ஊர்ச் செவிலியர் இதைப் புறப்படும் முன்பே படிக்க வேண்டும் என்பதுதான்.

முதலில் என் கையால் நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஓர் இரவுப் பணி. இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி மக்களில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண்ணோடு படுத்திருந்தார். வீக்கம் வடிய அவர் காலைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டியிருந்தது. கூடுதல் தலையணை தேடினேன்; அலமாரியில் ஒன்றும் இல்லை. அவர் தலைக்கு இரண்டு தலையணைகள் இருந்தன. ஒன்றை மெல்ல உருவிக் கணுக்காலுக்கு அடியில் வைத்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மகள் தலையணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலையில் மருத்துவர் சுற்று தொடங்குமுன் படுக்கையைச் சீர்செய்தபோது, அதே தலையணையைத் தட்டிச் சரிசெய்து மீண்டும் அவர் தலைக்கடியில் வைத்தேன். அவர் தலையைச் சாய்க்கவே இல்லை. கழுத்து நரம்பு புடைக்க, தலையைத் தூக்கியபடியே, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மகள் எழுந்து தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்து அவர் தலைக்கடியில் வைத்த பிறகுதான் அந்தக் கழுத்து தளர்ந்தது.

இதற்கு இரண்டு வாரம் முன்புதான், பணியில் சேர்ந்தோருக்கான கணினிப் பாடம் ஒன்றில், மாவோரி வழக்கில் தலை தபு, அதாவது புனிதமானதும் எல்லை கட்டியதும் ஆகும் என்ற செய்தியைப் படித்திருந்தேன். தலைக்கு வைக்கும் தலையணையை உடலின் கீழ்ப்பகுதிக்குப் பயன்படுத்தலாமா என்று ஒரு கேள்வியும் வந்தது. கூடாது என்ற கட்டத்தில் குறியிட்டு முழு மதிப்பெண் வாங்கினேன். அந்த விடை என் நினைவில் எங்கோ இருந்திருக்க வேண்டும். ஆனால் வேலை நெருக்கிய இரவில் அது என் கைக்கு வந்து சேரவில்லை. உண்மையில் அது என்னவென்றே எனக்குப் புரிந்திருக்கவில்லை. தூய்மைக் கட்டுப்பாடு போல ஒன்று என்று எண்ணியிருந்தேன். தபு என்பதும் அதன் மறுபக்கமான நோவா, அதாவது கட்டுப்பாடற்ற இயல்பு நிலை, என்பதும் கிருமியைப் பற்றியவை மட்டுமல்ல என்பதையும், ஒரு மனிதரின் தலை அவருடைய முன்னோர் தொடங்கி இன்றுவரை வரும் தொடர்ச்சியின் இருப்பிடம் என்பதையும், அந்தப் பெரியவருக்கு நான் செய்தது சிறு அசௌகரியமன்று, அவமதிப்பு என்பதையும் பல மாதங்கள் கழித்தே உணர்ந்தேன். அந்த மகள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அப்பாவின் கால் யாருடைய கையில் இருக்கிறதோ அந்தக் கையைக் கடிந்துகொள்ள எந்த மகளுக்குத் துணிவு வரும்?

இந்த ஒரு கேள்விக்காகவே இம்மடலை எழுதுகிறேன். மன்றம் மாவோரிப் பண்பாட்டையும் அறிவையும் செவிலியத்தின் ஓரத்தில் வைத்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. பதிவுபெற்ற செவிலியருக்குத் தாங்கள் அண்மையில் வகுத்த தகுதி நெறிகள் ஆறு தூண்களின் மேல் நிற்கின்றன. முதல் தூண் மாவோரி நலம், இரண்டாவது பண்பாட்டுப் பாதுகாப்பு. மருந்தறிவும் நோயறிவும் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. நலப்பணியாளர் தகுதிச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தமும், மாவோரி மக்களோடு மதிப்போடும் பயனுறவும் பழகும் திறனைத் தகுதியின் ஒரு பகுதியாகவே வகுத்திருக்கிறது. ஏட்டில் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்கும் நாடு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த நாட்டில் இன்று பணியில் இருக்கும் செவிலியரில் ஐந்தில் இருவருக்கும் மேல் என்னைப் போல வேறு நாடுகளில் பயின்று வந்தவர்கள். இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்களே அவர்களில் மிகுதி. 2023 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் ஏறத்தாழ 18 சதவீதத்தினர் மாவோரிகள். செவிலியரிலோ பத்தில் ஒருவர்கூட மாவோரி இல்லை. ஆகவே, தாங்கள் நட்ட அந்த முதல் தூண் நிற்பதும் சாய்வதும் பெரும்பாலும் எங்கள் கைகளில் இருக்கிறது. இங்கே பட்டம் படிக்கும் மாணவருக்கு மூன்று ஆண்டுகள் ஊட்டப்படும் ஒன்றை, எங்களுக்குச் சில மணி நேரத் திரைப் பாடமாகவும் தேர்வுக் கேள்வியாகவும் தந்து முடித்துவிடும் ஏற்பாடு, பொருளிலும் நீதியிலும் பொருந்தவில்லை.

பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற சொல் பிறந்த விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். 1988-இல் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்த மாவோரிச் செவிலியர் கூட்டம் ஒன்றில் முதலாண்டு மாணவி ஒருவர் எழுந்து, சட்டப் பாதுகாப்பு, அறநெறிப் பாதுகாப்பு, மருத்துவப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, காவா ஃபகருருஹௌ என்ற பெயரில் ஒரு கல்விக் கொள்கையாக வளர்த்தெடுத்தவர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்னும் மாவோரிச் செவிலியர். 1992-இல் மன்றம் அதைச் செவிலியர் கல்விக்கும் பதிவுத் தேர்வுக்கும் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டே செய்தித்தாள்களில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 1995-இல் நாடாளுமன்றக் குழு விசாரணையும் நடந்தது. அத்தனையையும் தாங்கி நின்ற அந்த அம்மையார் 2003-இல், ஐம்பத்தேழு வயதை ஒட்டிக் காலமானார்.

அவர் அழுத்திச் சொன்னவற்றில் இரண்டு, என்னைப் போன்றோருக்கு இன்றியமையாதவை. ஒன்று, பிறரது பழக்கவழக்கங்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வது பண்பாட்டுப் பாதுகாப்பு ஆகாது. செவிலியர் தமது பண்பாட்டையும், கட்டிலருகே தமக்கிருக்கும் அதிகாரத்தையும் முதலில் அறிந்திருக்க வேண்டும், பணி பாதுகாப்பானதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதைப் பெறுபவருக்கே உரியது. மற்றொன்று, மனிதரிடையே உள்ள வேறுபாட்டைப் பாராமல் பணிசெய்வது என்ற பழைய செவிலிய மரபுக்கு மாறாக, வேறுபாட்டைப் பார்த்து, மதித்துப் பணிசெய்ய வேண்டும் என்பது. இந்த இரண்டாவதில் நான் பல நாள் தடுமாறினேன். எங்கள் கல்லூரியில் விளக்கேந்தி உறுதிமொழி எடுத்தபோது சாதி மதம் பாராமல் பணிசெய்வோம் என்றுதான் சொன்னோம். அதைப் பெருமையாகவே இன்றும் நினைக்கிறேன். ஆனால் எங்கள் ஊரிலும், நான் சாதியே பார்ப்பதில்லை என்று எளிதில் சொல்ல முடிந்தவர்கள் சாதியால் அடிபடாதவர்களாகவே இருந்ததை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். பாராமல் இருப்பதால் காயம் மறைவதில்லை. மாவோரி மக்களின் சராசரி வாழ்நாள் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் குறைவாக இருக்கும் நாட்டில், எல்லாரையும் ஒன்றுபோலவே நடத்தினேன் என்று ஒரு செவிலியர் சொல்வது போதுமான விடையாகாது.

இதையெல்லாம் எனக்குக் கற்பித்தது எந்த ஏற்பாடும் அன்று. எங்கள் வார்டில் இருந்த மாவோரிச் செவிலியர் ஒருவர், தலையணைச் செய்தியைக் கேள்விப்பட்டு, என்னைக் கடிந்துகொள்ளாமல், தமது விடுப்பு நாளில் தம் குடும்பத்தாரின் மராயேக்கு என்னையும் கேரளத்திலிருந்து வந்த இன்னொரு செவிலியரையும் அழைத்துச் சென்றார். மராயே என்பது அவர்களுடைய முற்றமும் கூடமும் சேர்ந்த பொதுமனை. நாங்களாக உள்ளே நுழையக்கூடாது, வாசலில் நின்றோம். உள்ளிருந்து மூத்த பெண்மணி ஒருவர் நீண்ட குரலில் அழைத்தார். அந்த அழைப்பில் இறந்துபோனவர்களையும் சேர்த்தே விளித்தார் என்று பிறகு விளக்கினார்கள். எங்கள் ஊரில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த எனக்கு, சொல் புரியாமலே உடல் சிலிர்த்தது. உள்ளே அமர்ந்தபின் எங்களை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். நான் படிப்பையும் பணி அனுபவத்தையும் சொல்லத் தொடங்கினேன். ஒரு பெரியவர் கையமர்த்தி, உன் மலை எது, உன் ஆறு எது என்று கேட்டார்.

பொதிகை என்றேன், தாமிரபரணி என்றேன். வேறு எந்த நேர்காணலிலும் இந்த நாட்டில் அந்தப் பெயர்களை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கூடவே ஒரு திருத்தமும் கிடைத்தது. அவர்கள் மலையையும் ஆற்றையும் சொல்லும் அதே வாய்பாட்டை நான் பாடம் செய்து அப்படியே ஒப்பித்தபோது, அந்தச் செவிலியர் பின்னர் தனியே அழைத்து, எங்களுக்கு அந்த மலை மூதாதை. உனக்கு உன் மலை எப்படியோ அப்படியே உன் சொல்லில் சொல், எங்கள் சொல்லை அணிந்துகொள்ள வேண்டியதில்லை என்றார். ஒருவர் அறிவைக் கற்பதற்கும் அதை எடுத்து உடுத்திக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கணினிப் பாடத்தால் இவ்வளவு நயமாகச் சொல்ல முடியும்?

அதற்குப் பின் வார்டில் நான் செய்ததெல்லாம் சிறிய மாற்றம்தான். இரத்த அழுத்தக் கருவியை எடுக்கும் முன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, நான் எந்த ஊர், எந்த ஆற்றுக்காரி என்று சொல்லிவிட்டு, அவர் எங்கிருந்து வந்திருக்கிறார் என்று கேட்கிறேன். உறவைக் கட்டிக்கொண்ட பிறகே காரியத்தைப் பேசுவது அவர்கள் முறை. ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிடத்தில், மாத்திரையை ஏன் நிறுத்தினார், வீட்டில் யார் சமைக்கிறார், எந்தப் பேரப்பிள்ளைக்காகக் கவலைப்படுகிறார் என்பவை தாமாகவே வெளிவந்துவிடுகின்றன; கேஸ் ஷீட்டில் மருந்து உட்கொள்ள மறுக்கிறார் என்று ஒரே வரியில் எழுதப்பட்டிருந்த மனிதர் வேறொருவராகத் தெரிகிறார்.

மாவோரிப் பண்பாடு என்றதும் செய்யத்தக்கவை, தகாதவை என்ற நிரல் மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருவது எனக்கு வருத்தம் தருகிறது. உணவு வைக்கும் மேசையில் மலச்சட்டியை வைக்காதே, கழுத்தில் உள்ள பச்சைக்கல் அணிகலனைக் கேட்காமல் கழற்றாதே, இறந்தவர் உடலைத் தனியே விடாதே என்பவை தேவைதான். ஆனால் இவற்றின் அடியில் ஓர் முழுமையான அறிவு இருக்கிறது. மருத்துவர் மேசன் டூரி 1980-களில் முன்வைத்த தே ஃபரே தபா ஃபா, நலத்தை நான்கு சுவர் கொண்ட வீடாகக் காட்டுகிறது: ஆன்மா, மனம், உடல், ஃபானௌ எனப்படும் சுற்றம்; நிலமே அதன் அடித்தளம். ஃபெனுவா என்ற ஒரே சொல் அவர்கள் மொழியில் நிலத்தையும் நஞ்சுக்கொடியையும் குறிக்கிறது. பிறந்த பிள்ளையின் நஞ்சுக்கொடியை மண்ணில் புதைப்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நஞ்சுக்கொடியை வீட்டருகே குழிதோண்டிப் புதைத்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகளான எங்களுக்கு இது புதிராகத் தோன்றக் கூடாது. ஆயினும் பயிற்சிக் காலத்தில் அதைக் கழிவு வாளியில் போடப் பழகிய கை எங்களுடையது.

இந்த அறிவு உயிர் காக்கும் என்பதற்கு வஹகுரா ஒன்றே போதும். உறக்கத்தில் குழந்தை திடீரென இறந்துபோகும் துயரம் மாவோரிக் குடும்பங்களில் மிகுதியாக இருந்தது. பெற்றோர் படுக்கையில் குழந்தையைக் கிடத்தாதீர்கள் என்ற அறிவுரையை ஆண்டுக்கணக்கில் சொல்லியும் பயனில்லை. குழந்தையை அணைத்து உறங்குவது அவர்கள் வாழ்முறை. 2000-களின் நடுவில், மாவோரி மருத்துவர் டேவிட் டிப்பெனே-லீச்சும் நெசவுக் கலைஞர்களும் சேர்ந்து, ஹரகெகே என்னும் நார்ச்செடியின் இலைகளால் ஒரு சிறு தொட்டில் முடைந்தார்கள். அது பெற்றோர் படுக்கையிலேயே இருக்கும். குழந்தை தாயின் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் தனக்கென்று ஓர் இடத்தில் உறங்கும். தனிக் கட்டில்களோடு ஒப்பிட்ட ஆய்வு, அது அவற்றைவிட ஆபத்து மிக்கதாக இல்லை என்றும், ஆறாம் மாதத்தில் முழுத் தாய்ப்பால் கொடுத்த தாய்மார் வஹகுராவைப் பயன்படுத்தியோரிடையே அதிகம் என்றும் 2017-இல் காட்டியது. அப்படியொரு தொட்டிலை முதன்முதலில் கையில் வாங்கியபோது, காய்ந்த நாரின் மணமும், விளிம்பில் விரல் தடுக்காதபடி மடித்து முடித்திருந்த நேர்த்தியும் என்னைப் பிரமிக்க வைத்தன. தாய்க்குத் தடை சொல்லாமல் தாயின் வழியிலேயே தீர்வைக் கண்ட இந்தப் பாடத்தைப் பிள்ளைப்பேற்றுப் பிரிவிலும் குழந்தைகள் பிரிவிலும் சேரும் ஒவ்வொருவருக்கும், முடைபவர்களைக் கொண்டே கற்பிக்கலாம்.

ரோங்கோவா எனப்படும் மரபு மருத்துவத்திலும் இதே நிலைதான். 1907-இல் தொஹுங்கா ஒடுக்குமுறைச் சட்டம் என்று பெயர் வைத்தே ஒரு சட்டம் இயற்றி, மாவோரி மருத்துவ அறிஞர்களைத் தண்டனைக்கு உரியவர்கள் ஆக்கினார்கள். 1962 வரை அது நீக்கப்படவில்லை. அரைநூற்றாண்டுக்கு மேல் சட்டத்துக்கு அஞ்சி ஒளித்து வைத்த ஒன்றை, சீருடை அணிந்த ஒருவர் கேட்டதும் மக்கள் சொல்லிவிட மாட்டார்கள். 2020 முதல் விபத்து இழப்பீட்டுக் கழகமே ரோங்கோவாச் சிகிச்சைக்குப் பணம் தருகிறது என்பதை அறியாத செவிலியர் எங்களில் உண்டு. காவாகாவா இலைக் கஷாயம் குடிக்கிறீர்களா என்று குற்றம் விசாரிக்கும் தொனியில் கேட்பதற்கும், எங்கள் வீட்டிலும் கஷாயம் உண்டு, உங்கள் வீட்டில் என்ன வழக்கம் என்று கேட்பதற்கும் கிடைக்கும் விடைகள் வேறு. மருந்துகள் ஒன்றோடொன்று முரண்படாமல் காக்கும் பொறுப்பு உள்ளவருக்கு இரண்டாவது விடையே வேண்டும்.

எனவே நான் கேட்பது இதுதான். பிற நாட்டில் பயின்று வரும் செவிலியருக்கான மாவோரி நலக் கல்வி, பதிவுக்கு முன் முடித்துத் தள்ளும் ஒன்றாக நின்றுவிடாமல், முதலாண்டுப் பணி முழுவதும் தொடர வேண்டும். அதில் சில நாட்களாவது அந்தந்தப் பகுதியின் மாவோரிக் குலத்தார் இசைந்து அழைக்கும் மராயேயிலும், மாவோரிகள் நடத்தும் நல நிலையங்களிலும் கழிய வேண்டும். என்ன கற்பிப்பது, எதை வெளியாருக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். அந்த நாட்கள் எங்களுக்கு ஊதியத்தோடு கூடிய பணி நாட்களாக இருக்க வேண்டும். விடுப்பைச் செலவழித்துக் கற்க வேண்டியதாக இருந்தால், கடன் கட்டிக்கொண்டும் ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டும் இருக்கும் செவிலியர் வரமாட்டார்கள், அதை அவர்கள் குற்றமாகச் சொல்லவும் முடியாது.

இதைவிடவும் அவசரமானது, கற்பிப்பவர்களின் உழைப்பு. என்னை மராயேக்கு அழைத்துச் சென்றவருக்கு அந்த நாளுக்காக யாரும் ஒரு டாலர் கொடுக்கவில்லை. வார்டில் மாவோரி நோயாளி யாராவது கோபப்பட்டால் அவரை அழைப்பார்கள். கராகியா என்னும் வழிபாட்டுச் சொல் சொல்ல வேண்டுமானால் அவரை அழைப்பார்கள். இறப்பு நேர்ந்த குடும்பத்தோடு அமர அவரை அழைப்பார்கள். அவருடைய பங்கு நோயாளிகளின் எண்ணிக்கையோ குறையாது. இது இன்று தோன்றிய சுமையும் அன்று. 1908-இல் பதிவுபெற்ற ஆகெநேஹி ஹேய் என்னும் முன்னோடி மாவோரிச் செவிலியர், டைபாய்டு பரவிய மாவோரி ஊர்களில் அலைந்து பணிசெய்து, 1910-இல் அதே காய்ச்சலில் உயிர்விட்டார். நூற்றாண்டு கடந்தும் மாவோரிச் செவிலியரின் நல்ல மனத்தை நம்பியே இந்த ஏற்பாடு ஓடுவது முறையன்று. எங்களுக்குக் கற்பிக்கும் மணிகள் அவர்களுடைய பணி அட்டவணையில் இடம்பெற்று, அதற்குரிய ஊதியமும் பதவி உயர்வும் கிடைக்கட்டும்.

மதிப்பீடும் மாற வேண்டும். நான் தலையணைக் கேள்விக்குச் சரியாக விடை எழுதியவள். என்னை மதிப்பிட்டிருக்க வேண்டியவர் அந்த மகள். முதலாண்டு முடிவில் ஒரு செவிலியரைப் பற்றி, அவர் பணிசெய்த மாவோரி நோயாளிகளிடமும் அவர்கள் சுற்றத்தாரிடமும், அவர்கள் அஞ்சாமல் பேசக்கூடிய ஒருவர் வழியாகக் கருத்துக் கேட்டு, அதைத் தகுதி மதிப்பீட்டில் சேர்த்தால், ராம்ஸ்டன் சொன்ன சொல்லுக்குச் செயல் வடிவம் கிடைக்கும்.

ஆள் பற்றாக்குறையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வி எழும் என்று அறிவேன். ஆள் இல்லாத இரவுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆயினும் மனம் புண்பட்டு, சிகிச்சை முடியுமுன் கையெழுத்திட்டு வீட்டுக்குப் போய், மூன்று வாரம் கழித்து அழுகிய காலோடு திரும்பி வரும் ஒருவருக்குச் செலவாகும் நேரத்தையும் யாராவது கணக்கிட வேண்டும். நாங்களும் சிறுபான்மையினரே, வந்தேறிகளுக்கு இந்தச் சுமை எதற்கு என்று எம்மவர் சிலர் கேட்பதையும் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு என் பணிவான விடை: 1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் மாவோரித் தலைவர்களோடு கையெழுத்தான உடன்படிக்கையின் ஒரு தரப்பு அரசு, அந்த அரசு தந்த உரிமத்தில்தான் நாம் இங்கே வேலை செய்கிறோம், வீடு வாங்குகிறோம், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். அதன் பயனை ஏற்றுக்கொண்ட நாம் கடமையை மட்டும் தள்ளிவிட முடியாது.

2022-இல் தொடங்கப்பட்ட மாவோரி நல ஆணையம் 2024 ஜூன் இறுதியில் கலைக்கப்பட்டுவிட்டது. அதன் நன்மை தீமைகளை விவாதிக்க இம்மடல் இடமன்று. ஆனால் செவிலியர் கல்வியின் வரையறை இன்றும் தங்கள் கையிலேயே இருக்கிறது. அதை மாற்ற நாடாளுமன்றத்தின் புதுச் சட்டம் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை.

இதைப் பற்றிக் கலந்து பேச அழைத்தால், என் விடுப்பு நாளில் வரச் சித்தமாக இருக்கிறேன். என்னோடு வர இன்னும் பதினோரு பேர் இசைந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பிலிப்பைன்ஸிலும் படித்தவர்கள் நாங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: எங்களுக்கு முன்பாக மாவோரிச் செவிலியரை அழையுங்கள், அவர்கள் வரும் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள்.

பணிவன்புடன்,
வடக்குத் தீவில் பணியாற்றும் பதிவுபெற்ற செவிலியர் ஒருவர்